நமக்காகப் பேசப்போவது யார்?

2019-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி. மும்பையில் பொழுது விடிந்தது. ஆனால் சாலையில் சிவப்பு பஸ்களைக் காணோம்.

சயானிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பஸ் நிறுத்தங்களில் கூட்டம் நின்றது. பத்து நிமிடம் பார்த்தார்கள், இருபது நிமிடம் பார்த்தார்கள். பிறகு டிபன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரெயில் நிலையத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். "பெஸ்ட்" ஊழியர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள்.

ஒரு நாள், இரண்டு நாள் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். நாட்கள் ஓடின. அந்த ஆண்டு பொங்கல் 15-ந் தேதி வந்தது. பொங்கல் அன்றும் பஸ் ஓடவில்லை. 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள், 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்கள், நாள்தோறும் சுமார் 25 லட்சம் பயணிகள். இவ்வளவும் 9 நாட்கள் முடங்கிக் கிடந்தன.

அந்த 9 நாட்களில் பணத்தைப் பற்றிய பேச்சு நிறைய நடந்தது. ஆனால் உள்ளே இன்னொரு சிக்கல் இருந்தது. யார் யாரிடம் பேசுவது? யார் சொன்னால் யார் நம்புவது?

16-ந் தேதி முடிச்சு அவிழ்ந்தது. அதை அவிழ்த்தது மும்பை ஐகோர்ட்டு. ஊழியர்களுக்கு இடைக்காலமாக 10 இன்கிரிமெண்ட் தருவது என்று ஏற்பாடு ஆயிற்று. மற்றக் கோரிக்கைகளைப் பேசித் தீர்க்க ஒரு நடுவர் நியமிக்கப்பட்டார். அவர் ஓய்வு பெற்ற நீதிபதி எப்.ஐ.ரெபெல்லோ. அலகாபாத் ஐகோர்ட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர். நடுவர் பெயர் முடிவான பிறகுதான் பஸ் சக்கரம் சுழன்றது.

இதை யோசித்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு கேட்கிறோம், எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது ஒரு பக்கம். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்காருபவர் யார், அந்தப் பக்கம் உட்காருபவர் யார், நடுவில் இருப்பவர் யார் என்பது இன்னொரு பக்கம். ஆளைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வழக்கு தீர்ந்துவிடும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் பாதி வழக்கு தோற்றுவிடும்.

சம்பள ஒப்பந்தம் என்றால் நம்மில் பலருக்கு "எத்தனை சதவீதம்?" என்ற ஒரே கேள்விதான். பேசப்போகிறவரை யார் தேர்ந்தெடுத்தது, எப்படித் தேர்ந்தெடுத்தது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்காமல் இருந்ததால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நகரத்திலேயே சாட்சி இருக்கிறது.

டாக்டர் வீட்டு வாசலில்

1981-ம் ஆண்டு அக்டோபர் மாதம். தீபாவளி போனஸ் பற்றி மில் தொழிலாளர்களுக்குக் கடும் மனத்தாங்கல். அப்போது மில் தொழிலாளர்கள் சார்பில் பேசும் உரிமை ஒரே ஒரு சங்கத்துக்குத்தான் இருந்தது. அது ராஷ்ட்ரீய மில் மஸ்தூர் சங்கம். 1946-ம் ஆண்டு பம்பாய் தொழில் உறவுச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருந்தது. அந்தச் சட்டப்படி ஒரு ஊரில் ஒரு தொழிலுக்கு ஒரே பிரதிநிதி சங்கம். அது கையெழுத்துப் போட்டால் எல்லோரும் போட்டது போல. வேறு யாரிடமும் முதலாளி பேச வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் தொழிலாளர்களின் மனம் வேறு இடத்தில் இருந்தது. பல மில்களைச் சேர்ந்தவர்கள் காட்கோபரில் ஒரு டாக்டர் வீட்டுக்கு ஊர்வலமாகப் போனார்கள். அவர்தான் டாக்டர் தத்தா சாமந்த். வைத்தியம் பார்க்க வந்தவர், கல் குவாரித் தொழிலாளர்களின் நிலையைப் பார்த்துச் சங்கத்துக்கு வந்தவர். என்ஜினீயரிங் தொழிற்சாலைகளில் பெரிய சம்பள உயர்வுகளை வாங்கித் தந்தவர் என்று அவருக்குப் பெயர். முதலில் அவர் தயங்கினார். தொழிலாளர்கள் விடவில்லை. "நீங்கள்தான் எங்களுக்குப் பேச வேண்டும்" என்று பிடிவாதமாக நின்றார்கள்.

1982-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி வேலை நிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். கிராங்காம், பரேல், லால்பாக் என்று புகை போக்கிகள் எல்லாம் அணைந்தன.

அதன் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. தொழிலாளர் தேர்ந்தெடுத்தவரைச் சட்டம் ஏற்கவில்லை. சட்டம் ஏற்ற சங்கத்தைத் தொழிலாளர்கள் ஏற்கவில்லை. பேச வேண்டியவரிடம் பேசச் சட்டம் இல்லை. பேசச் சட்டம் உள்ளவருக்குப் பின்னால் ஆள் இல்லை. அந்தச் சட்டத்தையே ரத்து செய்ய வேண்டும் என்பதும் வேலை நிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது.

மாதங்கள் போயின. ஆண்டும் போயிற்று. தொழிலாளர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். சிலர் கிடைத்த வேலைக்குப் போனார்கள். 1983-ல் 13 மில்களின் நிர்வாகத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. பல மில்கள் திரும்பத் திறக்கவே இல்லை. வேலை நிறுத்தம் முடிந்தது என்று முறைப்படி யாரும் அறிவிக்கவும் இல்லை. சாமந்த் 1997-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி பவாயில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மில்கள் மூடப்பட்டதற்குக் காரணங்கள் பல உண்டு. பழைய எந்திரங்கள், விசைத்தறிப் போட்டி, நிலத்தின் விலை எல்லாம் உண்டு. ஆனால் பேச்சுவார்த்தை மேஜையே போட முடியாமல் போனதற்குக் காரணம் ஒன்றுதான். யார் பேசுவது என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு பதில் சொன்னது. தொழிலாளி வேறு பதில் சொன்னான். இரண்டும் கடைசிவரை சேரவே இல்லை.

சென்னைக்குப் போன பம்பாய்க்காரர்

வெளியாளைத் தலைவராகக் கொண்டுவருவது புதிய பழக்கம் அல்ல. சென்னை பெரம்பூரில் பக்கிங்காம் அண்டு கர்நாட்டிக் மில் இருந்தது. பின்னி மில் என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே தொழிலாளர்களின் குறைகளைக் கண்டு செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் ஒரு தலைவரைத் தேடினார்கள். அவர்கள் போய் அழைத்தது பி.பி.வாடியாவை. அவர் பம்பாயில் பிறந்த பார்சி. அன்னி பெசன்ட் அம்மையாரோடு சென்னையில் இருந்தவர்.

1918-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது அதுதான். வாடியாவுக்குத் துணையாக, தொழிலாளர்களிடம் அவர்களுடைய தமிழில் பேசுவதற்குத் திரு.வி.க. இருந்தார். வெளியூர்க்காரரின் துணிவும், உள்ளூர்க்காரரின் மொழியும் சேர்ந்தன. பிறகு மில் நிர்வாகம் கோர்ட்டுக்குப் போய் வாடியாவுக்கு எதிராகத் தடை வாங்கியது. சங்கம் வைத்ததே குற்றம் என்பது போன்ற அந்த நிலைதான் 1926-ம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு ஒரு காரணமாக இருந்தது.

அதே 1918-ல் ஆமதாபாத்தில் இன்னொரு பாடம். மில் தொழிலாளர்கள் 50 சதவீதம் கேட்டார்கள். முதலாளிகள் 20 சதவீதம் என்றார்கள். காந்தியடிகள் கணக்குப் பார்த்து 35 சதவீதம் நியாயம் என்று முடிவு செய்தார். தொழிலாளர் பக்கம் அனசூயா பென். முதலாளிகள் பக்கம் அவருடைய சொந்தத் தம்பி அம்பாலால் சாராபாய்! கடைசியில் இரு தரப்பும் ஒரு நடுவரை ஏற்றன. அவர் பேராசிரியர் ஆனந்த சங்கர் துருவா.

வேலைக்குத் திரும்பும்போது யாருக்கும் மானம் போகக்கூடாது என்பதற்காக ஒரு வழி கண்டார்கள். முதல் நாள் 35 சதவீதம்; தொழிலாளியின் வாக்கு காப்பாற்றப்பட்டது. இரண்டாம் நாள் 20 சதவீதம். முதலாளியின் வாக்கு காப்பாற்றப்பட்டது. மூன்றாம் நாள் முதல் தீர்ப்பு வரும் வரை இரண்டுக்கும் நடுவில் 27½ சதவீதம். பின்பு துருவா அளித்த தீர்ப்பு 35 சதவீதம்.

நல்ல நடுவர் என்பவர் தொகையை மட்டும் பார்ப்பதில்லை. இரு தரப்பும் தலை நிமிர்ந்து எழுந்து போக வழி செய்கிறார்.

நகரத்தின் சார்பில் யார்?

தொழிலாளர் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. எதிர்ப்பக்கம் உட்காருபவர் யார் என்பதும் முக்கியம்.

தனியார் கம்பெனியில் முதலாளி தன் பையில் இருந்து கொடுக்கிறார். மாநகராட்சியில் அப்படி அல்ல. வீட்டு வரி கட்டுகிறவன் பணம் அது. அந்த வரியைக் கட்டுகிறவர்களில் ஊழியர்களும் இருக்கிறார்கள். மும்பை மாநகராட்சியின் நிர்வாகம் 1888-ம் ஆண்டுச் சட்டத்தின்படி கமிஷனர் கையில் இருக்கிறது. அவரை நியமிப்பது மாநில அரசு. பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவது மாநகராட்சி. "பெஸ்ட்" நிறுவனத்தை 1947-ல் மாநகராட்சி எடுத்துக்கொண்டது. ஆனால் அதற்குத் தனி ஜெனரல் மானேஜர், தனி பட்ஜெட்.

ஆகவே தொழிலாளர் தலைவர் மேஜையில் உட்கார்ந்தால், எதிரே இருக்கும் அதிகாரி, "இது என் கையில் இல்லை" என்று சொல்ல இடம் இருக்கிறது. கமிஷனர் அரசைக் காட்டலாம். மானேஜர் மாநகராட்சியைக் காட்டலாம். 2019 வேலை நிறுத்தத்தில் "பெஸ்ட்" பட்ஜெட்டை மாநகராட்சி பட்ஜெட்டோடு இணைக்க வேண்டும் என்பது முக்கியமான கோரிக்கை. பணப்பையின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் வந்து உட்காரட்டும் என்பதே அதன் பொருள்.

இந்தத் தொல்லை இங்கே மட்டும் அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் கோஸ்டா மேசா என்று ஒரு நகரம். அங்கே 2012-ல் நகரசபை ஒரு விதி செய்தது. ஊழியர் ஒப்பந்தம் பேச நகரத்தின் சார்பில் போகும் முதன்மைப் பேச்சாளர் நகராட்சி ஊழியராக இருக்கக்கூடாது. வெளியில் இருந்து ஒருவரை அமர்த்த வேண்டும். காரணம், ஊழியருக்குச் சம்பளம் ஏறினால் பேசப்போகும் அதிகாரிக்கும் பலன் வரலாம். அதோடு, கேட்கும் தொகையால் எவ்வளவு செலவு ஆகும் என்பதைத் தனியான கணக்காளர் கணக்கிட்டு மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. "தொழிலாளி சம்பளத்துக்கு மட்டும் இவ்வளவு வெளிச்சமா? கான்ட்ராக்டர்களுக்குக் கொடுக்கும் பெரிய தொகைகளுக்கு ஏன் இல்லை?" என்று கேட்டன. கேள்வி நியாயம் என்று மாநிலச் சட்டசபைக்கும் பட்டது. இத்தகைய விதி வைத்திருக்கும் நகரங்கள் பெரிய கான்ட்ராக்டுகளையும் அதே போல வெளிச்சத்தில் வைக்க வேண்டும் என்று 2015-ல் சட்டம் வந்தது.

கான்ட்ராக்ட் என்றதும் மும்பை குப்பை வண்டிகள் நினைவுக்கு வருகின்றன. வண்டியில் குப்பை அள்ளிய 2,700 பேர் மாநகராட்சியின் தொழிலாளர்களா, கான்ட்ராக்டரின் தொழிலாளர்களா என்பதே பெரிய வழக்காகியது. கான்ட்ராக்ட் என்பது வெறும் காகிதம்தான், வேலை வாங்கியது மாநகராட்சிதான் என்று அவர்கள் சங்கமான கச்ரா வாஹதூக் ஷ்ரமிக் சங்கம் வாதாடியது. பத்தாண்டுப் போராட்டம். 2017 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்பு அளித்தது. உன் எஜமான் யார் என்று நிரூபிக்கவே பத்தாண்டு! அது தெரிந்த பிறகுதான் யாரிடம் பேசுவது என்பது தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மகாராஷ்டிரத்தில் 1971-ம் ஆண்டு தொழிற்சங்க அங்கீகாரச் சட்டம், அங்கீகாரம் கேட்கும் சங்கத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தது. மனுப் போடுவதற்கு முந்திய 6 மாதமும் தொழிலாளர்களில் 30 சதவீதத்துக்குக் குறையாதவர்கள் உறுப்பினர்களாக இருந்திருக்க வேண்டும். அதைப் பார்த்து முடிவு செய்வது தொழில் கோர்ட்டு.

2020-ம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. அதில் கணக்கு வேறு. பல சங்கங்கள் இருக்கும் இடத்தில், 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கமே தனிப் பேச்சுவார்த்தைச் சங்கம். எந்தச் சங்கத்துக்கும் அவ்வளவு ஆதரவு இல்லாவிட்டால் பேச்சுவார்த்தைக் குழு அமைக்கப்படும். 20 சதவீத ஆதரவு உள்ள சங்கங்களுக்கு அதில் இடம் உண்டு. ஒவ்வொரு 20 சதவீதத்துக்கும் ஒரு பிரதிநிதி.

இதன் பொருள் எளிது. உங்கள் பெயர் எந்தச் சங்கத்தின் கணக்கில் இருக்கிறதோ, அதற்கு முன்னைவிட இப்போது எடை அதிகம். 51-க்கும் 49-க்கும் நடுவில் நிற்பது சில நூறு சந்தா ரசீதுகளாக இருக்கலாம். அதில் ஒன்று உங்களுடையது.

இன்னும் சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

குமாஸ்தா வேலை பார்ப்பவர்கள், "சங்கம் எல்லாம் கூலித் தொழிலாளிக்குத்தான்" என்று நினைப்பது உண்டு. அது தவறு. 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் இருந்தே எழுத்து வேலை செய்பவரும் தொழிலாளிதான்.

சமரச அதிகாரி முன்பு நடக்கும் பேச்சுவார்த்தைக்கு வக்கீலை அனுப்பும் உரிமை எந்தத் தரப்புக்கும் கிடையாது. அங்கே பேச வேண்டியவர் உங்கள் பிரதிநிதிதான். ஆகவே சட்ட அறிவை வெளியில் இருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வாயை வாடகைக்கு எடுக்க முடியாது.

சங்க நிர்வாகிகளில் வெளியாட்களுக்கும் வரம்பு உண்டு. நிறுவனங்களில் உள்ள சங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வெளியாட்கள் இருக்கக்கூடாது என்று 2001-ல் திருத்தம் வந்தது. ஓய்வு பெற்ற தொழிலாளி வெளியாள் ஆகமாட்டார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கையெழுத்து. சமரச அதிகாரி முன்னிலையில் ஏற்பட்ட ஒப்பந்தம் அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும். நாளை வேலைக்குச் சேரப்போகிறவரையும் கட்டுப்படுத்தும். தனியாகப் பேசிப் போட்டுக்கொண்ட ஒப்பந்தம், கையெழுத்துப் போட்ட தரப்பினரை மட்டுமே கட்டுப்படுத்தும். உங்கள் தலைவர் எந்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறார் என்பது, எவ்வளவுக்குப் போடுகிறார் என்பதைப் போலவே முக்கியம்.

எப்படிப்பட்டவர் வேண்டும்?

கூட்டத்தில் உரக்கப் பேசுபவர் எல்லாம் மேஜையில் நன்றாகப் பேசுவார் என்று சொல்ல முடியாது. மேடைக்குக் குரல் வேண்டும். மேஜைக்குக் காது வேண்டும்.

முதலாவதாக, கணக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளத்தில் 100 ரூபாய் ஏறுவதும், படியில் 100 ரூபாய் ஏறுவதும் ஒன்றல்ல. அடிப்படைச் சம்பளத்தில் ஏறினால் பஞ்சப்படி, பிராவிடண்ட் பண்டு, கிராச்சுவிட்டி எல்லாம் அதோடு ஏறும். படியில் ஏறியது அந்த மாதத்தோடு சரி. எதிர்த்தரப்பு இதை நன்றாக அறிந்துதான் வரும்.

இரண்டாவதாக, வேலையைத் தெரிந்தவராக இருக்க வேண்டும். டிரைவரின் ஷிப்ட் எப்படி உடைகிறது, நள்ளிரவில் டெப்போவில் வண்டியை விட்டவர் எப்படி வீட்டுக்குப் போகிறார் என்பது காகிதத்தில் இருக்காது.

மூன்றாவதாக, திரும்பி வந்து உண்மையைச் சொல்பவராக இருக்க வேண்டும். "எல்லாம் கிடைக்கும்" என்று சொல்பவரைவிட, "இது கிடைக்கும், இது கிடைக்காது" என்று சொல்பவரே நம்மவர். எவ்வளவு வரை இறங்கலாம் என்பதை அனுப்பும்போதே சொல்லி அனுப்ப வேண்டும். கையெழுத்துக்கு முன் ஒருமுறை கூட்டம் போட்டுக் கேட்க வேண்டும் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நான்காவதாக, மேஜையில் பேசும் மொழி தெரிந்தவராக இருக்க வேண்டும். இந்த நகரில் சங்கக் கூட்டங்கள் மராத்தியில் நடக்கும். நம்மவர்கள் பலர் பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டு, பாதி புரிந்தும் புரியாமலும் கையைத் தூக்கிவிட்டு வருகிறார்கள். பிறகு டீக்கடையில் தமிழில் குறை சொல்கிறார்கள். அந்தக் குறை மேஜைக்குப் போய்ச் சேராது.

மங்களூரில் இருந்து வேலை தேடி இந்த நகரத்துக்கு வந்தவர்தான் ஜார்ஜ் பெர்னாண்டஸ். ஊர் மொழியைப் பேசினார். முனிசிபல் தொழிலாளர், பஸ் தொழிலாளர், டாக்சி டிரைவர்களோடு இருந்தார். 1967-ல் பம்பாய் தெற்குத் தொகுதியில் எஸ்.கே.பாட்டீலையே தோற்கடித்தார். பிறந்த ஊர் அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

வாடியாவுக்குத் திரு.வி.க. துணை நின்றதுபோல, ஒவ்வொரு டெப்போவிலும் ஒவ்வொரு வார்டு ஆபீசிலும் தமிழில் கேட்டு மராத்தியில் எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தால் போதும். அவர் தலைவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கூட்டத்துக்குத் தவறாமல் போகிறவராக இருந்தால் சரி.

அடுத்த ஒப்பந்தம் என்றாவது ஒரு நாள் காலாவதி ஆகத்தான் போகிறது. அப்போது, "எத்தனை சதவீதம்?" என்று கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். நமக்காகப் பேசப்போவது யார்? அவரை அனுப்பியது யார்? எதிரே இருப்பவரிடம் கொடுக்கும் அதிகாரம் இருக்கிறதா?

இந்த மூன்றுக்கும் பதில் முன்கூட்டியே தெரிந்துவிட்டால், பஸ் நிறுத்தத்தில் 9 நாள் நிற்க வேண்டி வராது. நிற்பது பயணியாக இருந்தாலும் சரி, டிரைவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி.